ஹெவி லைசென்ஸ் வந்துவிட்டது: முதலில் யாருடைய லாரியில் ஏறுவது?

கனரக வாகன லைசென்ஸ் வீட்டுக்கு வந்த வாரமே பேச்சு தொடங்கிவிடுகிறது. எந்த டிரான்ஸ்போர்ட்டில் எவ்வளவு தருகிறார்கள், யார் அட்வான்ஸ் அதிகம் கொடுக்கிறார்கள் என்று அத்தாவும் மாமாவும் விசாரிக்கிறார்கள். தொகையைக் கடைசியாகக் கேட்டால் போதும் என்பதே நம் கருத்து. அந்தத் தொகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி.

கொங்கு மண்டலத்தில் லாரி வேலைக்குப் பஞ்சமில்லை. நாமக்கல்லில் எரிவாயு டேங்கர்கள், சங்ககிரியில் சரக்கு லாரிகள், திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகள், கோவையிலும் திருப்பூரிலும் பார்சல் சர்வீஸ்கள் என ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தொழில் உண்டு. ஆனால் புதியவரிடம் பல லட்ச ரூபாய் வண்டியைக் கொடுக்க நல்ல முதலாளி தயங்கத்தான் செய்வார். அந்தத் தயக்கத்தைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் நாளே சாவியைத் தூக்கிக் கொடுக்கிறவரிடம்தான், இதற்கு முன் ஓட்டிய டிரைவர் ஏன் போனார் என்று விசாரிக்க வேண்டும்.

சம்பளம் பல வகை. மாதச் சம்பளமும் படியும் சேர்த்துத் தருவது ஒன்று. நடைக்கு இவ்வளவு என்பது இன்னொன்று. வாடகையில் பங்கு என்பதும் உண்டு. நடைக் கணக்கில் கையில் வரும் பணம் கூடுதலாகத் தெரியும். ஆனால் அங்கே டிரைவர் தூங்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவருக்கு நஷ்டம். 20 வருடம் ஓட்டியவருக்கு எங்கே வண்டியை ஓரங்கட்ட வேண்டும் என்று உடம்பே சொல்லும். 21 வயதுப் பையனுக்கு அது தெரியாது. விடியற்காலை 3 மணிக்குத் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது அவன் கண்ணை யார் திறந்து வைப்பது? 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று பொது வரம்பு வைத்தது. நெடுந்தூரத்துக்கு மட்டும் சற்றுக் கூடுதல். நடைக் கணக்கு அந்த வரம்பைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறது.

மூஸா (அலை) அவர்கள் மத்யனில் வேலைக்குச் சேர்ந்த வரலாறு சூரா அல்கஸஸில் வருகிறது. ஊரை விட்டு வந்தவர், கையில் ஒன்றுமில்லை, பேரம் பேசும் நிலையிலும் இல்லை. ஆனாலும் அந்தப் பெரியவர் எட்டு ஆண்டுகள் என்று தவணையைத் தெளிவாகச் சொன்னார். பத்தாக்குவது மூஸாவின் விருப்பம் என்றார். சிரமப்படுத்த மாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொன்னார். கூலியும் வேலையும் தெளிவில்லாத ஒப்பந்தத்தை ஃபிக்ஹ் நூல்கள் செல்லாது என்று சொல்வதும் இதனால்தான். ஆகவே நடை எத்தனை நாள், லோடு ஏற காத்திருக்கும் நாளுக்குப் படி உண்டா, டயர் வெடித்தால் யார் செலவு, போலீஸ் அபராதம் யார் தலையில் என்பதை ஒரு தாளில் எழுதிக் கேளுங்கள். எழுதிக் கொடுக்க மறுத்தால், வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவாவது கேளுங்கள்.

ஓவர்லோடு பற்றியும் கட்டாயம் கேட்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 194ஆம் பிரிவின்படி அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அந்தப் பிரிவு ஓட்டுகிறவரையும் பிடிக்கும், ஓட்டச் சொன்னவரையும் பிடிக்கும்.

2025 ஜனவரி 3 அன்று கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில், கொச்சியிலிருந்து வந்த எரிவாயு டேங்கர் கவிழ்ந்ததை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விடும் அளவுக்குப் போனது. அதே ஆண்டு மார்ச்சில் தென்மண்டல டேங்கர் உரிமையாளர்கள் எண்ணெய் நிறுவனங்களின் புதிய ஒப்பந்த விதிகளை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். மாற்று டிரைவரோ கிளீனரோ இல்லாமல் வந்தால் 20,000 ரூபாய் அபராதம் என்பது அவர்கள் எதிர்த்த விதிகளில் ஒன்று. உரிமையாளர்களுக்கு அவர்கள் கணக்கு இருக்கும். ஆனால் புதிய டிரைவரின் வீட்டிலிருந்து பார்த்தால், பக்கத்து இருக்கையில் ஓர் அனுபவசாலி இருப்பது சம்பளத்தைவிடப் பெரிது. முதல் ஆறு மாதம் குறைந்த படிக்கு இரண்டாவது டிரைவராகப் போவதை அவமானமாக நினைக்கத் தேவையில்லை. டேங்கர் பக்கம் போக அதற்கென்று தனிப் பயிற்சியும் லைசென்ஸில் தனிப் பதிவும் வேண்டும். அது முதல் வேலை அல்ல. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சின்ன லாரிக்கு சாதாரண கார் லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. அங்கே ஒரு வருடம் கை பழகிவிட்டுப் பெரிய வண்டிக்கு வருவதும் நல்ல வழி.

அட்வான்ஸ் விஷயத்தில் பெற்றோர்தான் கவனமாக இருக்க வேண்டும். தங்கையின் நிக்காஹ்வுக்கு என்று வாங்கிய 50,000 ரூபாய், மகனை அந்த வண்டியிலேயே கட்டிப்போட்டுவிடுகிறது. தூக்கம் வருகிறது, இன்று முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. கடனையும் வியாபாரத்தையும் பிணைப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். கூலி ஒப்பந்தத்தையும் உலமாக்கள் இதோடு சேர்த்தே பேசுகிறார்கள். அசல் லைசென்ஸை முதலாளியிடம் ஒப்படைப்பதும் இதே கதைதான். நகல் கொடுத்தால் போதும்.

மதுபான லோடு ஏற்றும் இடம் வேண்டாம். மதுவைச் சுமப்பவரும் சாபத்துக்குரியவர்களின் பட்டியலில் ஹதீஸில் வருகிறார். சேர்ந்த பிறகு மறுப்பது கடினம், சேரும்போதே சொல்லிவிடலாம். டீசலில் மிச்சம் பிடித்து விற்கும் பழக்கம் உள்ள வண்டியில் ஏறினால் அதையும் கற்றுக்கொள்வான்.

தொழுகைக்கு வண்டி நிறுத்த விடுவார்களா என்று பலர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். நேரக் கெடு வைத்து ஓடும் பார்சல் வண்டிகளில் இது கொஞ்சம் சிரமம், மற்றவற்றில் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஹனஃபி மத்ஹபில் சுமார் 78 கி.மீ. தாண்டிய பயணத்தில் நான்கு ரக்அத் இரண்டாகிறது. கோவையிலிருந்து சேலம் போகிறவருக்கு அது உண்டு. பாலக்காடு வரை மட்டும் போய்வருகிறவருக்கு இல்லை. ஷாஃபிஈ மத்ஹபினர் பயணத்தில் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்தும் தொழலாம். டீக்கும் சாப்பாட்டுக்கும் எப்படியும் வண்டி நிற்கும். அந்த நிறுத்தத்தை நேரத்தோடு பொருத்திக்கொள்ளப் பழைய பாய் டிரைவர்கள் யாரையாவது கேட்டால் ரூட் ரூட்டாகப் பள்ளிவாசல்களைச் சொல்லிக் கொடுப்பார்கள்.