விழுங்க ஒரு நிமிடம். உடனிருக்க எட்டு மணி நேரம்

எக்ஸ்டசி மாத்திரை என்றதும் போலீஸ் சோதனையும் கைதும்தான் நம் நினைவுக்கு வரும். அதில் உள்ள எம்.டி.எம்.ஏ.வை ஆஸ்திரேலியாவில் மனநோய்க்கு மருந்தாகவே தருகிறார்கள். 'மேஜிக் மஷ்ரூம்' காளானில் உள்ள சைலோசைபினும் அப்படித்தான். 2023 ஜூலை 1 முதல், தனி அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும் இவற்றை எழுதித் தரலாம். விபத்து, வன்முறை போன்றவற்றுக்குப் பின் தீராமல் தொடரும் மன அதிர்ச்சிக்கு எம்.டி.எம்.ஏ.; வேறு மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்குச் சைலோசைபின்.

எழுதித் தருபவர் மருத்துவர். ஆனால் விழுங்கிய பிறகு நோயாளியுடன் மணிக்கணக்கில் அமர்ந்திருப்பது பெரும்பாலும் இருவர் கொண்ட குழு. அதில் ஒருவர் தாதியாக இருப்பதுண்டு.

அவர் வேலை பல வாரங்களுக்கு முன்பே தொடங்குகிறது. இதய நோய் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்ததா என்று கேட்டறிய வேண்டும். இருந்தால், எவ்வளவு கெஞ்சினாலும் "உங்களுக்கு இது வேண்டாம்" என்று சொல்ல நேரும். வழக்கமான மனச்சோர்வு மாத்திரைகள் இந்த மருந்துகளின் வேகத்தைக் குறைக்கும் என்பதால், பலருக்கு அவற்றைப் படிப்படியாக நிறுத்துகிறார்கள். ஆபத்தான காலம் அதுதான். பழைய மருந்தும் இல்லை, புதியதும் இன்னும் வரவில்லை. நோயாளி தூங்கினாரா, சாப்பிட்டாரா, உயிரை மாய்க்கும் எண்ணம் வருகிறதா என்று இடைவிடாமல் விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சிகிச்சை நாளில் நோயாளி கண்களை மூடி மெத்தையில் படுத்திருப்பார், மெல்லிய இசை ஒலிக்கும். சைலோசைபின் வேகம் அடங்க ஏறக்குறைய ஆறு மணி நேரம், எம்.டி.எம்.ஏ. என்றால் எட்டு மணி நேரம்கூட ஆகலாம். இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் ஏறும் என்பதால் தாதி குறித்த நேரத்தில் அளந்து எழுதுவார். தண்ணீர் கொடுப்பார், கழிப்பறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துச் செல்வார். மற்ற நேரம் சும்மா இருப்பதுதான் வேலை. நோயாளி அழுதால் உடனே சமாதானப்படுத்தக் கூடாது, அழ விட வேண்டும். ஓடிப்போய் உதவியே பழகிய கைகளுக்கு இது எளிதல்ல.

தொடுவது பற்றிய விதி இன்னும் கடுமையானது. பயந்தால் கையைப் பிடிக்கலாமா, தோளைத் தொடலாமா என்பதை நோயாளி தெளிவாக இருக்கும்போதே பேசி எழுதி வைப்பார்கள். மருந்து ஏறிய பிறகு அவர் "அணைத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டாலும், முன்பு ஒப்புக்கொண்டதை மீறக் கூடாது. அந்த நேரத்தில் அவர் யாரையும் நம்பிவிடுவார். கனடாவில் நடந்த ஓர் எம்.டி.எம்.ஏ. ஆய்வில் சிகிச்சையாளரே எல்லை மீறியது பின்னர் வெளிவந்து பெரும் சர்ச்சையானது. அறையில் இரண்டாவது ஆள் இருப்பது வெறும் உதவிக்காக மட்டுமல்ல.

மறுநாளும் அடுத்த வாரங்களிலும் மீண்டும் பேச வேண்டும். கண்டது என்ன, மனதில் எழுந்தது என்ன என்பதை அன்றாட வாழ்க்கையோடு இணைத்துப் பார்க்கும் இந்தப் பகுதியை விட்டுவிட்டால் பலன் நிற்பதில்லை என்பது இத்துறையினர் கருத்து.

எல்லா நாடுகளும் இதை ஏற்கவில்லை. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., 2024 ஆகஸ்டில் எம்.டி.எம்.ஏ. சிகிச்சைக்கு அனுமதி மறுத்து, இன்னொரு பெரிய ஆய்வு கேட்டது. ஆஸ்திரேலியாவிலோ செலவு பல்லாயிரம் டாலர். சாதாரணக் குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாத தொகை.

மலேசியாவில் இவ்விரண்டும் 1952 ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின்கீழ் தடை செய்யப்பட்டவை. "மருந்துக் காளான்" என்று இணையத்தில் யாராவது விற்றால் அது மருந்தும் அல்ல, அருகில் தாதியும் இருக்கப்போவதில்லை. மனம் தாங்காத நிலையில் இருப்பவர்கள் அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கை நாடலாம். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555.