ஹோக்கர் ஹரிகேன்

ஹோக்கர் ஹரிகேன் என்பது இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய அரச வான்படை பயன்படுத்திய ஓரிருக்கைச் சண்டை விமானம் ஆகும். சிட்னி காம் வடிவமைத்த இது, 1935 நவம்பர் 6 அன்று முதன்முதலாகப் பறந்தது. தொடக்ககால வகைகளின் இறக்கைகளில் எட்டு இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. உடலின் பின்பகுதி துணியால் மூடப்பட்டிருந்ததால், குண்டு துளைத்த இடங்களைத் தளத்திலேயே எளிதில் செப்பனிட முடிந்தது.

வான் பாதுகாப்பு

1940ஆம் ஆண்டு பிரித்தானியச் சமரில், ஸ்பிட்ஃபயர் விமானங்களைவிட ஹரிகேன்களே கூடுதலான எதிரி விமானங்களை வீழ்த்தின. கடற்கரை ராடார் நிலையங்கள் எதிரியின் வருகையை முன்கூட்டியே அறிவித்தன. தரைக் கட்டுப்பாட்டு அறைகள் விமானிகளை வானொலி வழியே வழிநடத்தின. அதனால் இவை உரிய நேரத்தில் மேலெழுந்து, குறிப்பாகக் குண்டுவீச்சு விமானங்களைத் தாக்கின.

இலங்கையில்

1942 ஏப்ரல் 5 அன்று யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது ராடார் எச்சரிக்கை கிடைக்கவில்லை. இரத்மலானைத் தளத்தின் ஹரிகேன்கள், எதிரி தலைக்கு மேல் வந்த பின்னரே புறப்பட நேர்ந்தது, இழப்புகள் மிகுந்தன. ஏப்ரல் 9 அன்று திருகோணமலையில் ராடார் முன்னறிவித்ததால், ஹரிகேன்கள் முன்னதாகவே உயரத்தை அடைந்து எதிரியை எதிர்கொண்டன. ஆயினும், எளிதாகத் திரும்பக்கூடிய சீரோ விமானங்களிடம் அங்கும் பல ஹரிகேன்கள் வீழ்ந்தன. முன்னெச்சரிக்கை, சண்டையிடும் வாய்ப்பைத் தந்தது, வெற்றியை உறுதிசெய்யவில்லை.