தேனி சட்டக் கல்லூரியும் கம்பம் பள்ளத்தாக்கும்

2019-ஆம் ஆண்டில் சேலம், நாமக்கல் ஆகிய ஊர்களோடு தேனிக்கும் ஒரு சர்க்கார் சட்டக் கல்லூரி கிடைத்தது. சென்னையில் 1891-இல் சட்டக் கல்லூரி ஏற்பட்ட நாள் தொட்டு, சட்டம் பயில விரும்பிய கம்பம் பள்ளத்தாக்கின் வாலிபர்கள் வீடு வாசலை விட்டு வெளியூர் போகவேண்டியிருந்தது. அக்குறை நீங்கிற்று. ஆயின், கல்லூரி நம் ஜில்லாவுக்கு வந்துவிட்டால் மட்டும் போதுமா? அதன் பயிற்சியும் ஆராய்ச்சியும் இந்த ஜில்லாவின் மக்களிடம் வந்து சேரவேண்டாமா?

இந்தப் பள்ளத்தாக்கு மழையால் மட்டும் வாழவில்லை. ஒரு பத்திரத்தாலும் வாழ்கிறது. 1886 அக்டோபர் 29-ந் தேதி திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் இந்தியா மந்திரிக்கும் இடையே 999 வருஷக் குத்தகை எழுதப்பட்டது. எண்ணாயிரம் ஏக்கருக்கு, ஏக்கர் ஒன்றுக்கு 5 ரூபாய் வாடகை. 1895-இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து இங்கே இறங்கிற்று. அப்பத்திரப்படி அந்நீர் பாசனத்துக்கே உரியது, மின்சாரத்துக்கு அன்று என 1941-இல் மத்தியஸ்தர் தீர்ப்பளித்தார். 1970-இல் துணை ஒப்பந்தம் மின்சாரத்துக்கும் வழி செய்து, வாடகையை 30 ரூபாயாக உயர்த்திற்று. 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று 2006-இல் கூறிய சுப்ரீம் கோர்ட், 2014 மே 7-ந் தேதி அதனை மீண்டும் உறுதி செய்தது.

பத்திரத்தில் ஒரு சொல்லுக்குப் பொருள் மாறினால் வயலில் மடை மாறும். அப்படியிருக்க, இவ்வாவணங்களையெல்லாம் திரட்டி, உழவர் படித்தறியும் தமிழில் விளக்கந் தருவதைவிட மேலான ஆராய்ச்சி தேனிக் கல்லூரிக்கு வேறென்ன உண்டு? பாசனச் சங்கங்களும் பொதுப்பணித் துறையும் இதில் அதற்குத் துணையாகலாம்.

பயிற்சிக்கு வருவோம். பார் கவுன்சிலின் 2008-ஆம் வருஷத்து விதிகளின்படி, மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரமும் மாணவர் வெளியே பயிற்சி பெறவேண்டும். வக்கீல்கள், நீதிமன்றங்கள், கம்பெனிகள் மட்டுமல்ல, தொண்டு ஸ்தாபனங்களும் ஸ்தல ஸ்தாபனங்களும் அதற்குரிய இடங்களே. பெரிய நகரத்து வக்கீலின் ஆபீசில் கட்டுச் சுமந்து சர்டிபிகேட் பெறுவதோடு அவ்வாரங்கள் கழிந்துவிடலாகாது. பிழைப்புக்கு நகரத்துப் பழக்கமும் வேண்டும் என்பார்கள், நாமும் மறுக்கவில்லை. இருபதில் பாதியாவது உத்தமபாளையம், பெரியகுளம், தேனிக் கோர்ட்டுகளிலும் பஞ்சாயத்து ஆபீசுகளிலும் கழியட்டும் என்கிறோம்.

விடியுமுன்னே ஜீப்பில் ஏறி, எல்லை தாண்டி ஏலத் தோட்டங்களுக்குப் போகும் பெண்களை இங்கே யார்தான் அறியார்? அங்கே அடிபட்டாலும் கூலி நின்றாலும் எந்த ராஜ்யத்து அதிகாரியிடம் முறையிடுவது என்று அவர்களுக்கு விளங்குவதில்லை. 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எதுவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உரியது. சட்டக் கல்லூரிகளில் உதவி மையங்கள் அமைப்பதை ஊக்குவிப்பதும் அச்சட்டம் வகுத்த கடமையே. மாணவர் கோர்ட்டில் வாதாட இயலாது. ஆனால் மனு எழுதலாம், சாட்சியம் திரட்டலாம், வழி காட்டலாம். இவையெல்லாம் அனுபவமுள்ள வக்கீலின் மேற்பார்வையில், கட்சிக்காரரின் ரகசியம் காத்து நடைபெறவேண்டும்.

ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டுப் படம் எடுத்துக்கொள்வது எளிது. வருஷ முடிவில் எத்தனை மனுக்கள் எழுதப்பட்டன, எத்தனை பேருக்கு நியாயம் கிடைத்தது என்ற கணக்கைக் கல்லூரி வெளியிடட்டும். ஒப்பந்தங்களின் மதிப்பு அக்கணக்கில் தெரிந்துவிடும். அதைக் கேட்டு வாங்குவது இந்த ஜில்லாவின் வக்கீல்களுக்கும் தேசத் தொண்டர்களுக்கும் உள்ள பொறுப்பு.