கவுன்சலிங் அறையின் சுவர் எதுவரை?

விவாகரத்து பற்றி இரண்டு வாரமாக வரும் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: “ஆறு மாதம் கவுன்சலிங் போயே ஆகவேண்டுமாமே?” ஒரு வாசகருக்கு இந்த மாதக் கடைசியோடு பதினெட்டு மாதக் கெடு முடிகிறது. கவுன்சலிங் கணக்கு இன்னும் நேராகவில்லை என்று காத்திருக்கிறார். தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

6 மாதம் என்பது, பரஸ்பர சம்மத விவாகரத்தில் மனு போட்ட பிறகு இரண்டாம் கட்டத்துக்குப் போகும்வரை பொறுக்க வேண்டிய காலம். 18 மாதம் அதன் வெளி எல்லை. கவுன்சலிங்குக்குச் சட்டத்தில் மாதக் கணக்கே கிடையாது. அந்த 6 மாதத்தைத் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சமரச முயற்சிகள் பலிக்காமல் போயிருக்க வேண்டும் என்பது அதற்கு வைத்த நிபந்தனைகளில் ஒன்று. குழப்பம் அங்கேதான் முளைத்திருக்கும்போல.

நீதிமன்ற கவுன்சலிங் என்றால் சேர்த்து வைப்பது என்றே ஊரில் பேச்சு. 1984-ம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டம் பேசுவது ‘தீர்வு’ பற்றி. சண்டையில்லாமல் பிரிவதும் தீர்வுதான். ஆனால் அதே சட்டத்தின் முகப்பு வரி சமரசத்தையும் வேகத்தையும் ஒரே மூச்சில் கேட்கிறது. வேகமாகச் சமரசம் செய்வது எப்படி என்று அதை எழுதியவர்கள்தான் சொல்ல வேண்டும். நடப்பில், வராண்டாவில் வரிசை நீள, “குழந்தைக்காகவாவது அனுசரிச்சுப் போங்களேன்” என்ற வாக்கியம் ஆலோசனையாகிவிடுகிறது.

எனக்கு உறுத்துவது வேறு. “இங்கே பேசுவது வெளியே போகாது” என்பார்கள். பொய்யில்லை. பல மாநிலங்களின் விதிகள் கவுன்சலரிடம் சொன்னதை ரகசியமாகவே வைக்கின்றன. ஒத்துவந்ததா இல்லையா என்பதுதான் பெரும்பாலும் நீதிபதிக்குப் போகும். ஆனால் சுவரில் ஒரு ஜன்னல் உண்டு. குழந்தை யாரிடம் என்ற வழக்கில் கவுன்சலரின் அறிக்கையை நீதிமன்றம் பார்க்கலாம் என்று, 2019-ல் டெல்லியிலிருந்து போன வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தையின் நலனுக்காக என்றால் சரிதான். அதை நுழையும்போதே சொல்லிவிட வேண்டாமா?

பெரிய ஓட்டை அறைக்கு வெளியே இருக்கிறது. சாட்சியச் சட்டம் ஏற்காத ஆவணத்தையும், உதவும் என்று தோன்றினால் குடும்ப நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது பிரிவு 14. துணைக்குத் தெரியாமல் பதிவு செய்த போன் பேச்சும் திருமண வழக்கில் சாட்சியமாகலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அறைக்குள் உள்ள ரகசியத்தையும் இதையும் சேர்த்துப் பாருங்கள். “ஆமாம், அன்றைக்குக் கை நீட்டிவிட்டேன்” என்று கவுன்சலர் முன் ஒருவர் ஒப்புக்கொண்டால் அது ரகசியம். ராத்திரி போனில் அதையே சொல்லி மன்னிப்புக் கேட்டால், மறுமுனையில் பதிவு ஓடினால், அது சாட்சியம். அடிபட்டவருக்கு இது ஆயுதம் என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் அடுத்த தேதிக்குள் “மனம்விட்டுப் பேசிப் பாருங்கள்” என்று வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்புவதும் அதே அறைதான்.

மற்றக் கேள்விகள்:

வக்கீல் உள்ளே வரலாமா? குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் உரிமையல்ல, அனுமதி. கவுன்சலிங்கில் பொதுவாக நீங்கள் இருவர் மட்டுமே. அப்பா அம்மா வெளியே.

சேர்ந்து உட்கார வைப்பார்களா? பெரும்பாலும் முதலில் தனித்தனியாக, பிறகு சேர்த்து.

அடி, மிரட்டல் இருந்தால்? முதல் நாளே சொல்லி, தனியாகத்தான் பேசுவேன் என்று கேளுங்கள். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181.

அவர் வரவே மாட்டேன் என்கிறார். வரவில்லை என்று எழுதி அனுப்புவார்கள், வழக்கு நகரும்.

வழக்கெல்லாம் இல்லை, தனியாரிடம் போகலாமா? தாராளமாக. ‘கவுன்சலர்’ என்று பலகை மாட்ட இங்கே பெரிய தடை ஏதுமில்லை. மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொண்டால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் (ஆர்.சி.ஐ.) பதிவு எண்ணைக் கேளுங்கள்.