உங்களுக்குத் தெரியுமா? வெண்பனி பூத்த ஆக்சிஜன் குழாய்

பெரிய ஆஸ்பத்திரிகளின் பின்பக்கம் உயரமாக நிற்கிறதே வெள்ளை டேங்க், அதற்குள் இருப்பது திரவ ஆக்சிஜன். மைனஸ் 183 டிகிரியிலேயே அது கொதித்துவிடும்! 1 லிட்டர் திரவம் ஆவியானால் ஏறக்குறைய 860 லிட்டர் வாயு கிடைக்கும். ஆவியாக்கும் அலுமினியக் குழாய்களில், சித்திரை வெயிலிலும் வெண்பனி படர்ந்திருக்கும். பனி கெட்டிதட்டினால் வெளிக்காற்றின் சூடு உள்ளே ஏறாது. அதனால் ஒரு வரிசைக் குழாயை ஓய்வில் விட்டு, அடுத்ததுக்கு மாற்றுவார்கள். வார்டுக்குப் போகும் வாயுவின் அழுத்தம் சுமார் 4 பார் இருக்க வேண்டும். குறைந்தால் அலாரம் அலறும்.

இதையெல்லாம் கவனிப்பவர் பிளான்ட் ஆபரேட்டர். பாய்லர், ஜெனரேட்டர், ஏசி பிளான்ட்டும் பெரும்பாலும் இவர் பொறுப்புதான். ஊர் உறங்கும் நேரத்திலும் டார்ச்சோடு மீட்டர் மீட்டராகப் போய், முள் நிற்கும் இடத்தை லாக் புக்கில் எழுதிக்கொண்டிருப்பார்.