கோடும் சொல்லும்: ஃபிளானரி ஓ'கானரின் மாணவப் பருவக் கேலிச்சித்திரங்கள்

எழுத்தாளர் ஒருவரின் மொழிநடையை ஆராய்வோர் பெரும்பாலும் அவருடைய முதற்கதையிலிருந்தே தொடங்குவர். அதற்கு முன்னரே மாணவப் பருவத்தில் அவர் வரைந்த படங்கள் கிடைக்குமாயின், ஆய்வும் அங்கிருந்தே தொடங்குதல் வேண்டும். அமெரிக்கச் சிறுகதையாசிரியர் ஃபிளானரி ஓ'கானர் (1925–1964) இதற்குத் தக்க சான்றாவார்.

ஜார்ஜியா மாநிலத்தின் மில்லெட்ஜ்வில் நகர மகளிர் கல்லூரியில் அவர் 1942 முதல் 1945 வரை பயின்றார். அங்கு மாணவர் செய்தித்தாளிலும் ஆண்டு மலரிலும் அவருடைய கேலிச்சித்திரங்கள் வெளிவந்தன. பலவற்றை அவர் லினோலியத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார். செதுக்கிய இடம் வெள்ளையாக நிற்கும்; எஞ்சிய இடம் மையேற்றுக் கறுப்பாகப் பதியும். வேண்டாதவற்றை நீக்கினாலன்றி உருவம் தோன்றாது.

படத்தின் கீழ் ஒரு வரி இடம்பெறும். அது பெரும்பாலும் ஒரு பாத்திரத்தின் பேச்சு. நடன விருந்தில் துணையின்றி அமர்ந்திருக்கும் கண்ணாடியணிந்த பெண், முனைவர் பட்டமாவது பெறலாமே எனத் தன்னைத் தேற்றிக்கொள்கிறாள். வேறொரு மாணவி, பேராசிரியர்கள் பரிந்துரைக்காத நூல் ஏதும் உண்டா என நூலகரிடம் வினவுகிறாள். பேசுபவர், கேட்பவர், இடம் ஆகிய மூன்றையும் படமே உணர்த்திவிடுவதால், சொல் மனநிலையை மட்டும் சுமந்தால் போதும். சூழல் தரும் பொருள் என மொழியியலில் நாம் கூறுவது இதுவே. 1955இல் வெளிவந்த அவருடைய சிறுகதைத் தொகுப்பிலும் முனைவர் பட்டம் பெற்ற பெண்ணொருத்தி தாயின் வீட்டில் முடங்கி வாழ்கிறாள். படத்தில் நகைப்பை விளைத்த நிலை, கதையில் துயரமும் கலந்து விரிகிறது.

தமிழிலும் படமும் சொல்லும் இணைந்த மரபு உண்டு. பாரதியார் ஆசிரியப் பணியாற்றிய 'இந்தியா' வார இதழ் 1906 முதல் அரசியல் கருத்துப்படங்களை வெளியிட்டது. அப்படங்களுக்கு விளக்கமும் உடன் தரப்பட்டது. இத்தகைய படங்கள் புதியனவாயிருந்த வாசகருக்கு விளக்கம் வேண்டியிருந்தது. தம்மையே படத்தில் கண்ட கல்லூரி மாணவியருக்கோ ஒரு வரி போதுமாயிற்று.

ஓ'கானரின் படங்கள் அவர் மறைந்து 48 ஆண்டுகள் கழித்து, 2012இல் தனி நூலாயின. பழைய மாணவர் இதழ்கள் காக்கப்பட்டமையாலேயே அது இயன்றது. பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை நம் தமிழ்ப்பள்ளி மாணவரும் ஆண்டு மலர்களிலும் கையெழுத்து இதழ்களிலும் சுவரிதழ்களிலும் வரைகின்றனர். அலமாரியை ஒழிக்கும்போது முதலில் கழிக்கப்படுவன இவையே. ஆண்டும் வகுப்பும் குறித்து, ஓரிரு படிகளையேனும் நாம் காத்தல் வேண்டும். படத்தின் கீழுள்ள வரியைத் திருத்தாமலே காத்தல் வேண்டும். 'பசார்' என்றும் 'ரோத்தான்' என்றும் ஒரு சிறுவன் எழுதியிருப்பானாயின், இந்நாட்டுத் தமிழ் அவன் செவியில் எவ்வாறு ஒலித்தது என்பதற்கு அவ்வரியே சான்று. நாளைய எழுத்தாளர் எவர் என்பதை இன்று நாம் அறியோம்; ஆகவே அனைவருடைய படங்களையும் காப்பதே முறை.