முகங் காணாக் கல்வி

கல்வி என்பது பாடங் கேட்பது மட்டுமே என்றால், 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நமது மாணாக்கர் இழந்தது ஒன்றுமில்லை. கலாசாலைகள் மூடப்பட்டன, தாம்பரம் மின்சார ரயிலும் நின்றது, ஆயினும் கைத்தொலைபேசித் திரையிலே பாடம் நடந்துகொண்டுதானிருந்தது. அப்படியிருந்தும் அந்நாட்களைப் பற்றிப் பலர் மனங்கசந்தே பேசுவானேன்?

தாம்பரமே இதற்கு விடை கூறும். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல் ஜார்ஜ் டவுன் நெருக்கடியை விட்டு இங்குள்ள விசாலமான காட்டு நிலத்திற்குப் பெயர்ந்தது. ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் வாழ்வதும் கல்வியின் பகுதியென்று அதனை அமைத்தோர் கருதினர். மரநிழலில் நடந்த தர்க்கம், விடுதிச் சாப்பாட்டு மேஜை, குரோம்பேட்டை வரை ரயிலில் தொடர்ந்த பேச்சு ஆகியவற்றையே திரை பறித்துக்கொண்டது.

அவ்வாண்டு புதிதாய்ச் சேர்ந்தவர்கள் உடன்படிப்போரின் பெயரை அறிந்தனர், முகத்தை அறியவில்லை. ஓரறை வீட்டில் குடும்பம் முழுவதும் சூழ்ந்திருக்க, காமிராவைத் திறக்க வெட்கி அணைத்துவைத்தவர் எத்தனை பேர்! பெயர் மட்டும் தோன்றிய கறுப்புக் கட்டங்களை நோக்கிப் பேசிய ஆசிரியரும் தனிமையே அடைந்தார். பாடத்தின் நடுவே வீட்டு வேலைக்கு அழைக்கப்பட்ட பெண்களின் மனத்தாங்கலைக் கேட்பார் இல்லை.

2021 ஜனவரியில் மாநில சர்க்கார் 9.69 லட்சம் மாணாக்கருக்கு ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜி.பி. டேட்டா இலவசமாய் அளிப்பதாக அறிவித்தது; பாராட்டத் தக்கதே. ஆனால் அமைதியான ஓரிடத்தையும் அருகிலிருக்கும் நண்பனையும் அட்டையில் வைத்துக் கொடுக்க எந்தச் சர்க்காராலும் இயலாது.

இரண்டாம் அலைக்குப்பின் 1-9-2021 அன்று கலாசாலைகள் மீண்டும் திறந்தன. அவ்வாண்டு நவம்பரில் மதுரை முதலிய இடங்களில் மாணவர் திரண்டு, பரீட்சையையும் இணைய வழியே நடத்தக் கோரினர். சோம்பேறிகள் என்று அவர்களை ஏசியோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. திரையில் கற்பித்துவிட்டு மண்டபத்தில் அமர்த்திச் சோதிக்கும்போது மனம் அஞ்சுவது இயல்பே. குன்றிப்போன தன்னம்பிக்கையின் குரலே அது.

இவையெல்லாம் பழங்கதையென்று தள்ளுவதற்கில்லை. ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை 'ஸ்வயம்' தளத்தின் வாயிலாகவே பயிலலாமென்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் விதி செய்தது. நல்ல ஆசிரியரின் உரை குக்கிராமத்திற்கும் எட்டுமாயின் மகிழ்ச்சியே. ஆனால் ஆசிரியரை நியமிக்காமல் செலவைக் குறைப்பதற்கு இவ்விதி சாக்காகிவிடக் கூடாது. அவ்வாறு நேருமாயின், வசதியுள்ளோர் வளாகத்தில் பயில, ஏழையின் மகனுக்குத் திரையே கலாசாலையாகிவிடும்.

ஆதலின் முதலாண்டு வகுப்புகள் நேரிலேயே நடத்தப்பட வேண்டும். காலியான ஆசிரியர் இடங்கள் நிரப்பப்பட வேண்டும். மாணாக்கர் மனக்குறையைக் கேட்கத் தேர்ந்த ஆலோசகர் ஒருவர் ஒவ்வொரு கலாசாலையிலும் இருக்க வேண்டும். பொதுவாழ்வில் ஈடுபட்டோர் இவற்றை வற்புறுத்துவார்களாக. ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் வளரும் வாலிபர்களைக் கொண்டு ஒற்றுமையுள்ள சமுதாயத்தை அமைக்க முடியாது.